உள்ளே போகும் தோட்டா

முத்துக்குமார் ஆறு செத்த வாத்துகளைக் கொண்டுவந்து டீ மேசைமேல் வரிசையாகப் படுக்க வைத்தபோது, துப்பாக்கிச் சங்கத்தில் பதினெட்டுப் பேர் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் தட்டைக் கீழே வைத்தவர் சுந்தரமூர்த்தி.

"இன்னாப்பா இது?"

"நீங்கதான் சொல்லணும் சார். இந்த வாரத்துல மட்டும் ஆறு. களுத்து தொங்குது, நடக்க முடியல, ரெண்டு நாள்ல போய்டுது. மாட்டாஸ்பத்திரில அறுத்துப் பார்த்தாங்க. இரைப்பைக்குள்ள இதான் இருந்துதுன்னு குடுத்தாங்க." முத்துக்குமார் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாம்பல் நிறத்தில் ஈய உருண்டைகள். ஒரு பஜ்ஜித் தட்டில் அவற்றைக் கொட்டினான். சரசரவென்று உருண்டன.

அவன் மாதனூர்ப் பக்கத்தில் வாத்து மேய்ப்பவன். அறுவடை முடிந்த வயலிலும் ஏரி ஓரத்திலும் எண்ணூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு திரிவான். சங்கத்தின் மைதானமும் அதே ஏரிக்கரையை ஒட்டித்தான் இருந்தது. ஞாயிறுதோறும் அங்கே உறுப்பினர்கள் கூடி, எந்திரம் வானத்தில் வீசி எறியும் ஆரஞ்சு நிறத் தட்டுகளைச் சுடுவார்கள். ஒரு தோட்டாவுக்குள் இந்த மாதிரி முந்நூறு ஈய ரவை. பத்து வருடமாக அத்தனை ரவையும் ஏரிச் சேற்றில்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. இரை அரைபடுவதற்காகப் பொடிக்கல் பொறுக்கி விழுங்கும் வாத்துக்குக் கல் எது, ஈயம் எது என்று எப்படித் தெரியும்?

சுந்தரமூர்த்தி எழுந்து நின்றார். ஜோலார்பேட்டையில் முப்பத்தாறு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துப் பிளாட்பாரத்துக்குக் கேட்கும் குரல்.

"இதோ பாருங்க, நாம தட்டு சுடறது நம்ம சந்தோசத்துக்கு. அதுக்கு அவன் வாத்து சாவக்கூடாது. இனிமே இந்த மைதானத்துல ஈயம் வேணாம். தீர்மானம் போடுங்க. நான் முன்மொழியறேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சங்கச் செயலாளர் நந்தகோபால் அங்கேயே எழுதிக்கொண்டார். அவர் குடியாத்தத்தில் பவர்லூம் போட்டு லுங்கி நெய்பவர். எதையும் நாளைக்கு என்று தள்ளிவைக்கத் தெரியாதவர். வெளிநாட்டுத் தோட்டா வரவழைக்க அனுமதி உள்ள ஒரு வியாபாரியைப் பிடித்து, ஈயத்துக்குப் பதில் இரும்பு ரவை போட்ட தோட்டாக்களுக்கு மறுநாளே எழுதிப் போட்டுவிட்டார். வந்து சேர நாலு மாதம் ஆனது. பொங்கல் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஆண்டுப் போட்டி. அன்றைக்கே புதுத் தோட்டா என்று முடிவாயிற்று.

அந்தப் போட்டிக்காக சுந்தரமூர்த்தி காத்திருந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. மகள் தீபலட்சுமியின் கல்யாணத்தில் சத்துவாச்சாரி சம்பந்தி, பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டே கேட்டிருந்தார்: "துப்பாக்கி வெச்சிருக்கீங்களாமே? பீரோவுல பூட்டி வெக்கத்தானே?" அவர் சும்மா கேட்டதுதான். ஆனால் சுந்தரமூர்த்திக்கு அது எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது. இந்த முறை சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் போட்டி பார்க்க அழைத்துவிட்டார்.

அவருடைய துப்பாக்கியும் காட்டத் தக்கதுதான். இருபது வருடத்துக்கு முன் ஆம்பூர்த் தோல் முதலாளி ஒருவரிடம் வாங்கியது. இரட்டைக்குழல், இங்கிலாந்தில் செய்தது, நூறு வயதுக்கு ஒன்றிரண்டுதான் குறைச்சல். இரும்புப் பக்கத்தில் இரண்டு கவுதாரிகளைச் செதுக்கியிருப்பார்கள்; கழுத்து இறகு வரைக்கும் எண்ணலாம். தேர்தல் வந்தால் உரிமம் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அந்த நாட்களில் சுந்தரமூர்த்தி சரியாகச் சாப்பிடமாட்டார் என்று அவர் மனைவி சௌந்தரம் சொல்வாள்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில், துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட வேலூருக்கு எடுத்துப் போனார். அங்கே துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர் அக்தரி பேகம். ஐம்பது வயது. மூக்குக் கண்ணாடிக்கு மேலே இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலை செய்வார். மூன்று ஜில்லாவில் பழைய துப்பாக்கி எங்கே கோளாறானாலும் அவர் மேசைக்குத்தான் வரும்.

சுந்தரமூர்த்தி புதுத் தோட்டா ஒன்றைப் பெருமையாக மேசைமேல் நிறுத்தினார். "பேகம்மா, இதான் நம்ம சங்கத்துப் புதுச் சரக்கு. இரும்பு ரவை. வாத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"வாத்துக்கு ஆவாது அண்ணா. உங்க துப்பாக்கிக்கு?"

"அதுக்கின்னா?"

அக்தரி பேகம் குழல்களைக் கழற்றித் திருப்பினார். அடிப்பக்கத்துப் பொடி எழுத்துகளைத் துணியால் தேய்த்துப் படித்தார். ஒரு பித்தளை அளவுக்கோலைக் குழலுக்குள் விட்டு எடுத்தார். பிறகு தோட்டாப் பெட்டியைத் திருப்பி அதிலிருந்த எண்ணைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"வேணாம் அண்ணா. இந்தத் தோட்டா இதுல போடாதீங்க."

சுந்தரமூர்த்தி சிரித்தார். வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தார். பேகம் சிரிக்கவில்லை.

"உங்க துப்பாக்கில தோட்டா உக்கார்ற அறை அறுபத்தஞ்சு மில்லிமீட்டர். இந்தத் தோட்டா எழுபது. அது ஒண்ணு. அப்புறம் இடது குழல் இருக்குதே, வாய்கிட்ட ரொம்பக் குறுகுது. அந்தக் காலத்துல ரவை சிதறாம சேர்ந்து போவணும்னு அப்டி செஞ்சாங்க. ஈயம் மெத்து, நெருக்குனா நசுங்கி வெளிய போய்டும். இரும்பு நசுங்குமா? குழல்தான் வளையல் மாதிரி உப்பும். மூணாவது, இதோட இரும்பு பழசு. இப்ப வர்ற தோட்டாவோட அழுத்தத்துக்கு இதை யாரும் சோதிச்சு முத்திரை போடல. குழல் கனம் எங்க ஜாஸ்தி எங்க கம்மின்னு நான் அளந்து பார்க்கணும்."

"அறுபத்தஞ்சாவது எழுபதாவது. இதோ பாருங்க." சுந்தரமூர்த்தி குழலை மாட்டச் சொல்லி, தோட்டாவை எடுத்து உள்ளே போட்டார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. துப்பாக்கியை மூடினார். டக்கென்று மூடிக்கொண்டது. "போவுதா இல்லியா?"

"முதல்ல அதை வெளிய எடுங்க அண்ணா. கடைக்குள்ள தோட்டா போட்டு மூடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் பேகம், குரலை உயர்த்தாமல். சுந்தரமூர்த்தி வெட்கத்தோடு எடுத்தார். பேகம் தொடர்ந்தார்: "உள்ள போறது பெரிசு இல்ல. வெடிக்கும்போது அது..."

"இருபது வருசமா இந்தத் துப்பாக்கி என் கைல இருக்குது. எனக்குத் தெரியாததா?"

"பிஸ்மத்னு வேற ரவை இருக்குது அண்ணா. ஈயம் மாதிரியே மெத்து, வாத்துக்கும் தொந்தரவு இல்ல. அறுபத்தஞ்சுலயே கிடைக்கும். குழலை அளந்து பார்த்துட்டு, தாங்கும்னா வரவழைச்சுத் தர்றேன். மூணு மாசம் ஆவும்."

"போட்டி ஞாயித்துக்கெழமைம்மா!"

அவர் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பேகம் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். காதில் விழாத மாதிரி படியிறங்கினார். வழியெல்லாம் மனதுக்குள் வாதாடினார். அந்தம்மாவுக்கு எல்லாவற்றிலும் பயம். புத்தகத்தைப் பார்த்துப் பேசுகிறார். தோட்டா உள்ளே போகிறது, துப்பாக்கி மூடுகிறது, வேறென்ன வேண்டும்? ஆனால் ஆம்பூர் தாண்டும்போது, குழல் வளையல் மாதிரி உப்பும் என்றாரே, அது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

வீட்டில் சௌந்தரம் கேட்டாள்: "இன்னாங்க சொன்னாங்க பேகம்மா?"

"சூப்பரா இருக்குதுன்னாங்க" என்றார் சுந்தரமூர்த்தி. சொன்னதும் கை கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு மூன்று முறை கை கழுவினார்.

போட்டி நாள் காலையில் மைதானம் திருவிழா மாதிரி இருந்தது. ஷாமியானா, மைக், ஒரு பக்கம் அண்டாவில் பிரியாணி. தூரத்தில் ஏரிக்குமேல் மெல்லிய பனி. சத்துவாச்சாரி சம்பந்தி குடும்பம் வேனில் வந்து இறங்கியது. சம்பந்தி வெயில் கண்ணாடி போட்டிருந்தார். காதுக்குப் பஞ்சு கொண்டுவந்திருந்தார். அதைத் தம் வீட்டாருக்கெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சௌந்தரம் முன்வரிசையில் இடம் பிடித்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து சம்பந்தியம்மாளுக்காகக் காத்திருந்தாள்.

முதலில் சுட்டவர் நந்தகோபால். அவருடையது போன வருடம் வாங்கிய துப்பாக்கி, இரும்பு ரவைக்கென்றே செய்தது. தட்டை எறியச் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தையில் "புல்!" என்று அவர் கத்தியதும் தட்டு பறந்தது, டமார் என்றதும் ஆரஞ்சுத் தூளாகச் சிதறியது. சம்பந்தி வீட்டார் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெடித்த தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள் நந்தகோபால் காலடியில் விழுந்து கிடந்தன.

சுந்தரமூர்த்தியின் முறைக்கு இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். பெரிய போட்டிக்கு முன் அவர் ஒன்று செய்வது வழக்கம்: பழைய வெற்றுக் கூடு ஒன்றைத் துப்பாக்கியில் போட்டு மூடி, விசையை இழுத்துப் பார்ப்பார். கை பழகும், படபடப்பும் அடங்கும். இன்றைக்குப் புதுத் தோட்டா அல்லவா, புதுக் கூட்டிலேயே பழகலாம் என்று நந்தகோபால் காலடியிலிருந்து ஒன்றைப் பொறுக்கினார். பயிற்சிக்கென்று விட்டிருந்த ஓரத்துக்குப் போய், குழலை ஏரிப் பக்கம் நீட்டிப் பிடித்து, கூட்டை உள்ளே தள்ளினார்.

போகவில்லை.

முக்கால்வாசிக்கு மேல் வழுக்கிக்கொண்டு போனது, அப்புறம் நின்றது. பித்தளை விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கட்டை விரலால் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் போய் இறுகிக்கொண்டது. துப்பாக்கியை மூடப் பார்த்தார். மூடவில்லை.

நகத்தால் நெம்பி வெளியே எடுத்தார். ஒருவேளை துப்பாக்கியில்தான் ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா? பையைத் துழாவி, தன்னுடைய பழைய ஈயத் தோட்டாவின் கூடு ஒன்றை எடுத்துப் போட்டார். அது சொகுசாக உட்கார்ந்தது. துப்பாக்கியில் கோளாறு இல்லை. பிறகு, இன்னும் சுடாத இரும்புத் தோட்டா ஒன்றையும் நந்தகோபாலின் வெற்றுக் கூட்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

வெற்றுக் கூடு ஒரு நகக்கண் அளவுக்கு மேல் உயரமாக இருந்தது.

சுடாத தோட்டாவின் வாய், ரவை கொட்டாமலிருக்க உள்பக்கமாக மடித்து மூடப்பட்டிருந்தது. வெடித்ததும் அந்த மடிப்பு விரிந்துவிடும். விரிந்தால் கூடு நீளும். பெட்டியில் போட்டிருந்த எழுபது, விரிந்த பிறகான நீளம். அதுதான் தோட்டா உள்ளே போனதற்குக் காரணம். ஆனால் வெடிக்கிற அந்த நொடியில் மடிப்பு விரிய அறைக்குள் இடம் இருக்காது. அறைக்கு முன்னால் குழல் குறுகுகிற இடத்தில் போய் அது நெருக்கிக்கொள்ளும். ரவையும் புகையும் அந்த நெருக்கத்துக்குள் புகுந்து வெளியேற வேண்டும். முடியாவிட்டால் அத்தனை அழுத்தமும் குழல் சுவர்மேல்.

சுந்தரமூர்த்திக்குக் கண்முன்னால் வேறொன்று வந்தது. நீளமான சரக்கு வண்டியைச் சின்ன ஸ்டேஷனின் கிளைத் தண்டவாளத்தில் ஒதுக்கும் காட்சி. எஞ்சின் உள்ளே போய்விடும். இருபது பெட்டி போய்விடும். டிரைவர் நிம்மதியாக எட்டிப் பார்த்தால், கடைசி ஐந்து பெட்டி மெயின் லைனிலேயே கிடக்கும். உள்ளே நுழைந்துவிட்டதாலேயே அடங்கிவிட்டதாக நினைத்த டிரைவரை அவரே ஒருமுறை திட்டியிருக்கிறார்.

"வெடிக்கும்போது அது..." என்று பேகம் ஆரம்பித்தது இதைத்தான். இவர்தான் அவரை முடிக்க விடவில்லை.

கடைக்குள் அன்றைக்குத் தோட்டாவைப் போட்டு மூடிய அந்த டக் சத்தம் இப்போது காதில் கேட்டது.

"அடுத்து நம்ம ஜோலார்பேட்டை சிங்கம், சுந்தரமூர்த்தி!" என்று மைக்கில் நந்தகோபால் கத்தினார். கைதட்டல். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தார். சௌந்தரம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

சுந்தரமூர்த்தி திறந்த துப்பாக்கியைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு சுடும் கோட்டுக்கு நடக்கவில்லை. நேராக மைக்குக்கு நடந்தார்.

"நான் சுடல" என்றார்.

"யோவ், இன்னா ஆச்சு? ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. இந்தத் தோட்டா என் துப்பாக்கிக்கு நீளம்."

"அட, உள்ள போவுது இல்ல? சுட்டுத் தள்ளுய்யா. சம்பந்தி பார்க்கறாரு."

அங்கேதான் அவருக்குச் சுருக்கென்றது. ஒரு வாரமாக அவர் சொல்லிக்கொண்டிருந்த அதே பேச்சு. மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. யார் யார் கிட்ட பழைய துப்பாக்கி இருக்குதோ, இன்னிக்கு ஒரு தோட்டாகூட போடாதீங்க. நந்தகோபால் சுட்ட எடத்துல கெடக்குதே வெத்துக் கூடு, அதை எடுத்து ஒங்க துப்பாக்கில போட்டுப் பாருங்க. போவலன்னா உங்க அறை குட்டை. போனாலும் சந்தோசப்படாதீங்க, குழல் வாய் எவ்ளோ குறுகலு, இரும்பு எவ்ளோ பழசுன்னு பேகம்மா கிட்ட காட்டிட்டு அப்புறம் சுடுங்க."

சலசலப்பு எழுந்தது. பழைய துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அவரைத் தவிர ஐந்து பேர். ஆளுக்கொரு கூட்டைப் பொறுக்கி, குழலை ஏரிப் பக்கம் பிடித்துப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது. ஆம்பூரிலிருந்து வந்த ஒரு தோல் வியாபாரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சுந்தரமூர்த்திக்கு அடுத்து சுட வேண்டியவர் அவர்தான்.

நந்தகோபால் தலையைச் சொறிந்தார். "தோட்டா வரவழைச்சவன் நான். எந்தத் துப்பாக்கிக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம போய்ட்டேன் பாரு."

"தீர்மானம் போட்டவன் நானு" என்றார் சுந்தரமூர்த்தி.

அக்தரி பேகம் ஒவ்வொரு போட்டிக்கும் தம் கருவிப் பெட்டியோடு வருபவர். அன்றைக்கு பஸ் தாமதமாகிவிட்டது. அவர் வந்து இறங்கியபோது ஆறு பழைய துப்பாக்கியும் மேசைமேல் வாய் திறந்து கிடந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே கண்ணாடியை மாட்டினார்.

"அன்னிக்கு இதே மாதிரி ஒரு கூட்டைத்தான் உங்களுக்குக் காட்ட எடுத்தேன் அண்ணா. திரும்பிப் பார்த்தா நீங்க படியில இல்ல."

சௌந்தரம் எப்போது வந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியாது. "சூப்பரா இருக்குதுன்னு பேகம்மா சொன்னாங்கன்னீங்களே?"

சுந்தரமூர்த்தி ஏரியைப் பார்த்தார்.

"துப்பாக்கி சூப்பர்னு சொல்லியிருப்பேன் அக்கா" என்றார் பேகம் முகத்தைக் கடினமாக வைத்துக்கொண்டு. "தோட்டாவைப் பத்தித்தான் வேற மாதிரி சொன்னேன்."

சௌந்தரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் வந்துவிட்டது. சுந்தரமூர்த்தி கடைசியாகச் சேர்ந்துகொண்டார். அவர் சிரிப்புதான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது.

சங்கத்துக்கென்று ஒரு புதுத் துப்பாக்கி இருந்தது. எழுபதுக்கு அறை, அகன்ற வாய், இரும்பு ரவைக்கான முத்திரை. பேகம் எல்லாவற்றையும் பார்த்து, "இது நல்லா போவும்" என்று நீட்டினார். சுந்தரமூர்த்திக்கு அது கையில் நிற்கவில்லை. கனம் வேறு, கட்டையின் வளைவு வேறு. முதல் ஏழு தட்டும் பத்திரமாகப் பறந்து போய்ப் புல்லில் இறங்கின. எட்டாவது சிதறியபோது சம்பந்தி பஞ்சைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு விசிலடித்தார். இருபத்தைந்துக்குப் பதினொன்று. கடைசியிலிருந்து இரண்டாவது இடம்.

பிரியாணிப் பந்தியில் சம்பந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுந்தரமூர்த்தி, என்ன சொல்லப் போகிறாரோ என்று எலும்பைக் கவனமாகப் பார்த்தார்.

"என் மருமக உங்க பொண்ணு. அவ ஏன் எதையும் ரெண்டு தரம் பார்த்துட்டு செய்யறான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார் சம்பந்தி. "எனக்கும் ஒரு தரம் அந்தப் புதுத் துப்பாக்கியத் தொட்டுப் பார்க்கணும். சுட எல்லாம் வேணாம். ஒரு போட்டோ போதும்."

"உறுப்பினர் இல்லாதவங்க தொடக்கூடாது" என்றார் சுந்தரமூர்த்தி. "ஆனா பக்கத்துல நின்னு எடுத்துக்கலாம்."

அடுத்த வாரமே சங்கத்தில் புது ஏற்பாடு வந்தது. அக்தரி பேகம் ஒவ்வொரு உறுப்பினரின் துப்பாக்கியையும் அளந்தார். ஆம்பூர்த் தோல் வியாபாரி செருப்புக் கம்பெனித் துண்டுத் தோலில் வில்லைகள் வெட்டிக் கொடுத்தார். அறை நீளம், குழல் வாய் அளவு, எந்த ரவை போகலாம், எது கூடாது என்று ஒவ்வொன்றிலும் அச்சடித்து அந்தந்தத் துப்பாக்கியில் கட்டினார்கள். வாசலில் வில்லையையும் தோட்டாப் பெட்டியையும் ஒத்துப் பார்த்து உள்ளே விடும் வேலையை, யாரும் கேட்காமலே, சுந்தரமூர்த்தி எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் ஒரு வெற்றுக் கூடும் வைத்திருந்தார். நந்தகோபாலையே ஒரு தடவை வில்லையை வீட்டில் மறந்துவிட்டு வந்ததற்காக வெளியே நிறுத்தினார்.

"யோவ், நான் செயலாளர்யா!"

"சிக்னல் இல்லாம மந்திரி வண்டியே நிக்கும். போய் எடுத்துக்கிட்டு வாங்க."

பிஸ்மத் தோட்டா சித்திரை கடைசியில் வந்தது. கவுதாரித் துப்பாக்கியின் குழல் கனம் தாங்கும் என்று பேகம் அளந்து சொல்லியிருந்தார். இடது குழலுக்குள் இருந்த ஒரு சிறு துருவையும் நீக்கிக் கொடுத்திருந்தார். அறுபத்தைந்து என்று பெட்டியில் போட்டிருந்ததை சுந்தரமூர்த்தி படித்தார். சௌந்தரத்திடம் கொடுத்து அவளையும் படிக்கச் சொன்னார். கோட்டில் போய் நின்று, முதல் தட்டைச் சுட்டார். தவறவிட்டார்.

துப்பாக்கியைத் திறந்து, வெளியே வந்த கூட்டை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாய் அழகாக விரிந்திருந்தது. எங்கேயும் கிழிசல் இல்லை. குழல்கள் வழியாக வானத்தைப் பார்த்தார். இரண்டும் வட்டமாக, நீலமாக இருந்தன.

"நல்லா இருக்குதா?" என்று பின்னாலிருந்து சௌந்தரம் கேட்டாள்.

"தட்டுதான் போய்ட்டுது. துப்பாக்கி நல்லா இருக்குது" என்று அடுத்த தோட்டாவை எடுத்தார் சுந்தரமூர்த்தி.